நான் குடிக்காத கசாயம்

சீனாவில் இருந்த பதினோரு மாதத்தில் நான் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். சொல்லும்போது எனக்கே அது பொய் மாதிரித் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அதை நிஜமென்று நம்பிய ஒரு பெண், பிறகு தன் உடம்புக்கு ஒன்று வந்தபோது, அந்த நம்பிக்கையின் மேல்தான் உயிரை வைத்தாள். எனக்கு வயது ஏறிவிட்டது, பல விஷயங்கள் மறந்துவிட்டன. இது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

அப்போது தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்தேன். முத்துச்சிப்பியின் குஞ்சுகளைத் தொட்டியில் வைத்து வளர்ப்பது என் ஆராய்ச்சி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி அளவில் நீந்துகிற அவற்றுக்குப் பாசி ஊட்டி, ஓடு கட்டும்வரை காப்பாற்ற வேண்டும். பத்தாயிரத்தில் பத்து பிழைத்தால் ஆய்வகத்தில் கொண்டாட்டம். சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. பகலெல்லாம் சிப்பியை அறுத்துப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மோர்ச்சோறு சாப்பிடுகிற ஆள் நான். இதில் உள்ள வேடிக்கை எனக்கும் தெரியும்.

எங்களுக்குச் சிப்பி எடுத்துக் கொடுக்கிற சங்குக்குளிக்காரர் ஒருவர் திரேஸ்புரத்தில் இருந்தார். மாதா கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் வீட்டுக்குக் கூப்பிடுவார். போவேன். இலை போடும் நேரத்தில் வயிற்றைத் தடவிக்கொண்டு, "வயிறு கொஞ்சம் சரியில்லை" என்பேன். அவர் உடனே உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

"ஏளா, சாருக்கு இந்த வருசமும் வயிறு சரியில்லையாம். ரெண்டு பழமும் ஒரு கலரும் கொண்டா."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "அப்படி என்ன வயிறு சார் அது, திருநாளுக்கு மட்டும் கெட்டுப்போகுது?" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, கலரைக் குடித்துவிட்டு, சப்பரம் பார்த்துவிட்டு வருவேன். அவருக்கும் மனக்குறை இல்லை, எனக்கும் இல்லை. 'உங்கள் சாப்பாடு எனக்கு ஆகாது, ஆனால் உங்களை நோகடிக்கவும் மனசில்லை' என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கேட்கிறவருக்கும் அது தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் தென்சீனக் கடலோரத்து ஊர் ஒன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அங்கேயும் முத்துதான் தொழில். சிப்பியின் உடம்பைக் கீறி உள்ளே மணி செருகுகிற கைப்பழக்கம் அவர்களிடம் இருந்தது. குஞ்சு வளர்ப்பில் அவர்களுக்குச் சில சிக்கல்கள் இருந்தன. அவர்களுடைய கல்லூரியில் ஒரு வருடம் வருகைப் பேராசிரியராக இருந்து நான் ஒன்றைக் கற்றுக்கொடுத்து இன்னொன்றைக் கற்றுக்கொள்வதாக ஏற்பாடு.

என்னைக் கவனித்துக்கொள்ள அங்கே ஒரு ஆசிரியரை ஒதுக்கியிருந்தார்கள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். இளமையில் ரஷ்ய மொழி படித்து, பிறகு அது பயன்படாது என்று ஆனதும் வானொலியைக் கேட்டே ஆங்கிலம் படித்தவர். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள் ஒருமுறை சரிபார்த்துவிட்டு வெளியே விடுவார். அவர் பெயரை என்னால் ஒருநாளும் ஒழுங்காக உச்சரிக்க முடிந்ததில்லை. எங்கள் ஊரில் மூத்தவர்களை அண்ணாச்சி என்போம் என்று சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அப்புறம் தொலைபேசியிலேயே "அண்ணாச்சி பேசுகிறேன்" என்பார். அவர் மனைவி வளாகத்துக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தார். அண்ணாச்சியின் மனைவி மதினிதானே. மதினிக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் என்னிடம் நிறையப் பேசுவார்.

அங்கே அன்றாடம் ஒரு ஒழுங்கில் ஓடியது. காலை ஆறு மணிக்குக் கம்பத்து ஒலிபெருக்கியில் பாட்டு. அதற்கு முன்பே என் அறை வாசலில் வெந்நீர்க் குடுவை இரண்டு வந்து உட்கார்ந்திருக்கும். எதற்கும் வெந்நீர்தான். குளிர்ந்த தண்ணீர் குடித்தேன் என்றால் கொலை செய்தது போலப் பார்ப்பார்கள். மதியம் பன்னிரண்டு முதல் இரண்டரை வரை வளாகம் முழுவதும் தூங்கும். பேராசிரியர்கள், எழுத்தர்கள், வாயிற்காவலர் எல்லோரும். நான் ஒருவன் மட்டும் தொட்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பேன். முதல் மாதம் எனக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது. மூன்றாம் மாதம் நானும் தூங்க ஆரம்பித்தேன். காலையில் கஞ்சியும் வறுத்த கடலையும் கிடைத்ததில் எனக்கு ஊர் நினைப்பு பாதி தீர்ந்தது. மீதிச் சாப்பாட்டை அறையில் மின்னடுப்பு வைத்து நானே சமாளித்துக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரத்தில் அண்ணாச்சி வீட்டில் விருந்து வைத்தார்கள். ஒரே அறை வீடு. பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கிய நாற்காலிகள். மேசையில் முழு மீன் ஒன்று, பன்றிக்கறி, சிப்பி போட்ட முட்டை அடை, இன்னும் நாலைந்து கிண்ணங்கள். கூப்பன் கொடுத்துக் கறி வாங்குகிற காலம். அந்த மேசைக்காக அந்த வீடு எத்தனை நாள் வாயைக் கட்டியிருக்கும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. மதினி மீனின் கன்னத்துச் சதையை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். அங்கே அது மரியாதை.

நான் சைவம் என்று சொல்லியிருக்கலாம். அங்கேயும் புத்தமதத் துறவிகள் உண்டு, புரிந்துகொண்டிருப்பார்கள். ஆனால் மதமா, சாதியா என்று கேள்வி வரும். கல்லூரியில் முற்போக்கு பேசுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை யாரும் அறியாத ஊரிலும் அதைக் காப்பாற்ற வேண்டும் போல ஒரு வீம்பு. இதையெல்லாம் யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. "வயிற்றில் புண். மருத்துவர் கறி, மீன் எதையும் தொடக்கூடாது என்றிருக்கிறார்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பழமும் கலரும் வரவில்லை. அண்ணாச்சி மொழிபெயர்த்தார். மதினியின் முகம் வாடிவிட்டது. மேசையைச் சுற்றி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். அவருடைய அப்பா கிராமத்து வைத்தியராம். மகளுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் கல்லூரி மருத்துவமனை இருக்கிற வளாகத்தில் காப்பகத்து ஆயாவிடம் யார் நாடி பார்க்க வருவார்கள்? அந்த ஊரில் அவருக்குக் கிடைத்த முதல் நோயாளி நான்தான்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் அண்ணாச்சி சைக்கிளில் வந்தார். மூடி போட்ட எனாமல் குவளை ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். உள்ளே கறுப்பாகக் கசாயம். விடிவதற்கு முன் எழுந்து, மண்சட்டியில் இரண்டு மணி நேரம் மதினி சுண்டக் காய்ச்சியதாம். அதிமதுரத்தின் வாடை எனக்கு உடனே தெரிந்தது. நான் கசாயத்துக்குப் பயந்தவன் இல்லை, வாங்கி வாயருகே கொண்டுபோய்விட்டேன். "என்னவெல்லாம் சேர்த்திருக்கிறது?" என்று கேட்டு வைத்தேன். அவர் பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். ஐந்தாவதாகச் சொன்னது கணவாய் மீனின் ஓட்டுப் பொடி.

குவளையைக் கீழே வைத்தேன். "ஆறட்டும், குடித்துக்கொள்கிறேன்" என்றேன். அவர் போனதும் தாழ்வாரத்துக் கோடியில் இருந்த கழுவுதொட்டியில் கொட்டிக் குவளையைக் கழுவி வைத்தேன்.

கார்த்திகை மாதத்தில் தொடங்கியது பங்குனி வரை நின்றபாடில்லை. தினமும் ஒரு குவளை. குளிர்காலத்தில் அந்த ஊரில் எலும்புக்குள் ஈரம் இறங்கும், அறைகளில் கணப்பு கிடையாது. அப்போதும் வந்தது. நான் தினமும் கொட்டினேன். எப்படி இருக்கிறது என்று அண்ணாச்சி கேட்பார். நன்றி இல்லாமல் பேச முடியுமா? "கொஞ்சம் தேவலை" என்றேன். அடுத்த வாரம், "எரிச்சல் பாதி குறைந்துவிட்டது" என்றேன். ஆய்வகத்தில் ஒரு மாணவன் குஞ்சுகளின் எண்ணிக்கையைப் பார்க்காமலே நிரப்பினான் என்று அவனை அழ வைத்தவன் நான். என் சொந்த வயிற்றைப் பற்றி வாராவாரம் எண்ணிப் பார்க்காத அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் குவளை வருவதை நிறுத்த ஒரே வழிதான் தோன்றியது. "முழுக்கக் குணமாகிவிட்டது. இனி மருந்து வேண்டாம். பத்தியத்தை மட்டும் விடாமல் இருந்துகொள்கிறேன்" என்றேன்.

மதினி அன்று மாலையே நேரில் வந்தார். நாடி பிடித்துப் பார்த்து, ஆமாம், ஓட்டம் மாறியிருக்கிறது என்று அண்ணாச்சியிடம் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன். ஒருவரை இவ்வளவு எளிதாக மகிழ்விக்க முடிகிறதே என்று நினைத்தேன். வளாகத்தில் செய்தி பரவியது. மதினி பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரை அழைத்துவந்து என்னைக் காட்டினார். நான் வயிற்றைத் தட்டிக் காண்பித்துத் தலையாட்டினேன். அவருடைய மருந்துக்கு இருந்த ஒரே சாட்சி நான்தான்.

ஊர் திரும்புகிற நாளில் பேருந்து நிலையத்துக்கு இருவரும் வந்தார்கள். மதினி மெலிந்திருந்தார். வெயில் என்று நினைத்தேன். நின்றுகொண்டிருக்கும்போதே இரண்டு முறை வயிற்றில் கை வைத்து அழுத்திக்கொண்டார். ஏதோ சொல்லிச் சிரித்தார். அண்ணாச்சி மொழிபெயர்த்தார்.

"உங்கள் வயிற்றை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்கிறாள். கவலை இல்லை, மருந்துதான் தெரியுமே என்கிறாள். ஒரு மாதமாக அதைத்தான் குடிக்கிறாள்."

பேருந்து வர இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. சொல்லியிருக்கலாம். பெட்டியின் கயிறு நன்றாகத்தான் இருந்தது, அதை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடியில் ஐப்பசி மழை தொடங்கி, உப்பளங்களில் வேலை நின்றிருந்த நேரத்தில் அண்ணாச்சியின் கடிதம் வந்தது. மதினிக்கு வலி கூடிவிட்டது. சாப்பாடு தங்கவில்லை. வளாகத்து மருத்துவர் பெரிய நகரத்து மருத்துவமனைக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்கிறார். ஆனால் மதினி மறுக்கிறார். "உங்களுக்கு ஐந்து மாதம் ஆனது, தனக்கும் ஐந்து மாதம் வேண்டும் என்கிறாள். ஒருவர் குணமானதை என் கையாலேயே தொட்டுப் பார்த்தேன் என்கிறாள். நீங்கள் நலம்தானே?" என்று முடித்திருந்தார்.

கடிதத்தை என் மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வயித்துப்புண்ணா? உங்களுக்கா? எப்ப வந்துது?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் கடிதத்தை மடித்து என் கையில் திணித்தாள்.

"இங்கன எல்லாரும் சும்மா சொல்லுத பேச்சு அது. அந்தப் புள்ளைக்கு எப்பிடித் தெரியும்? இப்பமே போயி தந்தி அடிங்க. குடிக்கல, அத்தனையும் கொட்டிட்டேன், ஆசுபத்திரிக்குப் போங்கன்னு அடிங்க."

"தந்தியில் இதையெல்லாம்..."

"உசுரு போற காரியம். எதுல சொன்னா என்ன?"

குடையை எடுத்துக்கொண்டு தந்தி அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தை வாங்கி ஆங்கிலத்தில் எழுதினேன். 'மருந்தை நான் குடிக்கவில்லை. பொய் சொன்னேன்.' இவ்வளவு எழுதியதும் நிமிர்ந்து பார்த்தேன். அன்று முகப்பில் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் படித்தவர். "என்ன சார், சைனாவுக்கா?" என்று எழுந்து நின்று கையை நீட்டினார். அந்தக் கையில் இதைக் கொடுக்க வேண்டும். அவர் ஒவ்வொரு சொல்லாகப் படிப்பார். மறுநாள் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிடும். படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். "முகவரியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்" என்று சொல்லி வெளியே வந்தேன்.

அதற்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதினேன். நயமான கடிதம். 'ஒருவர் உடம்புக்கு ஒத்தது இன்னொருவர் உடம்புக்கு ஒத்துவராமல் போகலாம். மருத்துவமனையிலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது' என்று எழுதினேன். மனைவியிடம் தந்தி அடித்தாயிற்று என்றேன். அதுவும் ஒரு பொய். முதலில் ஒன்றே ஒன்று என்று எழுதினேனே, அது சீனாவில் சொன்ன கணக்கு.

பதில் வர நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் தொட்டியில் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வழக்கமாக ராவும் பகலும் அதன் காரணத்தைத் தேடியிருப்பேன். அந்த முறை தண்ணீரை மாற்றச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். பிறகு கடிதம் வந்தது. மதினி என் கடிதத்தைக் கேட்டுச் சிரித்தாராம். 'அவர் படித்தவர், அடக்கமாகத்தான் எழுதுவார். அவர் வயிற்றைக் கேட்டால் அது சொல்லும்' என்றாராம். அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. கசாயத்தை இப்போது அண்ணாச்சியே காய்ச்சுகிறார்.

அன்று கல்லூரிக்குப் போகவில்லை. ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். குடிக்கவில்லை, ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, எனக்கு நோயே இல்லை, உங்கள் சாப்பாட்டை மறுக்க வெட்கப்பட்டுச் சொன்ன சாக்கு அது, தயவுசெய்து இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள் என்று எழுதினேன். என் மனைவி அதைப் படித்தாள். தந்தி போகவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. என்னை அவள் திட்டவில்லை. கடிதத்தைப் பசை தடவி மூடித் தன் கையாலேயே கொண்டுபோய்ப் பெரிய தபால் நிலையத்தில் போட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

மாசி மாதத்தில் பதில் வந்தது. அண்ணாச்சியின் எழுத்து எப்போதும் அச்சு மாதிரி இருக்கும். இதுவும் அப்படித்தான் இருந்தது.

"உங்கள் கடிதம் வந்து ஒன்பதாம் நாள் அவள் இறந்தாள். கடிதம் வருவதற்கு முன்பே, மயங்கி விழுந்ததால், நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டோம். வயிற்றில் கட்டி. கோடைக்காலத்தில் வந்திருந்தால் அறுத்திருக்கலாம் என்றார்கள். உங்கள் கடிதத்தை அவளுக்கு நான் படித்துக் காட்டவில்லை. இந்தியாவிலிருந்து என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டாள். நலமாக இருக்கிறார், வயிற்றுவலி திரும்ப வரவில்லை என்று சொன்னேன். அவள் வாழ்நாளில் குணப்படுத்திய ஒரே ஆள் நீங்கள். அதை அவளிடமிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே யாருக்கும் நீங்கள் இதை எழுத வேண்டாம்.

"எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். குளிர்காலத்தில் சூடு ஆறக்கூடாது என்று குவளையை என் மேற்கோட்டுக்குள் வைத்துத்தான் கொண்டுவருவேன். ஒரு கையால் சைக்கிள் ஓட்டுவேன். நீங்கள் கொட்டும்போது அது ஆறியிருந்ததா?"

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். இனி அவருக்கு ஒரு சொல்கூடப் பொய் எழுதக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். கீழே அவருடைய சைக்கிள் கிளம்புகிற சத்தம் கேட்டதுமே கொட்டிவிடுவேன், ஆறிப்போனால் குவளையில் கறை பிடித்துக் கழுவச் சிரமமாக இருக்கும், அதனால் சூடாகவே கொட்டினேன் என்று எழுதிப் போட்டேன்.

தபாலில் சேர்த்த பிறகுதான் மனைவியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆறின பெறவுதான் கொட்டினேன்னு எழுதுனா என்ன? அந்த மனுசன் அத ஒண்ணத்தான கேட்டாரு."

அண்ணாச்சியிடமிருந்து அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.